ஜோடியைத் தேடும் முன் ஆக்சிஜனை எண்ணு: நிக்கலேட் மீக்கடத்திகள், ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு படிகத்திலிருந்து சில ஆக்சிஜன் அணுக்களை மட்டும் உருவி எடுக்க வேண்டும். மற்ற அணுக்கள் எதுவும் இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. 2019 ஆகஸ்டில் நேச்சர் இதழில் இதற்கான செய்முறை வந்தது. ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் படிகத்தின் மேல் சுமார் பத்து நானோமீட்டர் தடிமனில் நியோடிமியம்-ஸ்ட்ரான்சியம் நிக்கலேட் (நிக்கல் ஆக்சைடு வகைச் சேர்மம்) படலம் ஒன்றை வளர்க்கிறார்கள். அந்தச் சில்லை அலுமினியத் தாளில் தளர்வாகச் சுற்றி, கால்சியம் ஹைட்ரைடு பொடியோடு ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் போட்டு, காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு வாயை உருக்கி மூடுகிறார்கள். அப்புறம் 260 முதல் 280 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சூடாக்குகிறார்கள். அலுமினியத் தாள் எதற்கு? பொடி படலத்தை நேராகத் தொட்டுவிடக் கூடாது என்பதற்கு. அவ்வளவுதான்.

குழாயை உடைத்து வெளியே எடுக்கும்போது, ஒவ்வொரு நிக்கலின் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இருந்த ஆக்சிஜன் போயிருக்கும். சதுர வலை போன்ற நிக்கல்-ஆக்சிஜன் தளங்கள் மட்டும் மிஞ்சும். குளிர்வித்துக்கொண்டே போனால் 9 முதல் 15 கெல்வினுக்குள் மின்தடை இல்லாமல் போகிறது; இதுதான் மீக்கடத்தல். ஸ்டான்ஃபோர்டிலும் எஸ்.எல்.ஏ.சி. ஆய்வகத்திலும் ஹரோல்ட் ஹ்வாங் குழுவில் டான்ஃபெங் லியும் கூட்டாளிகளும் செய்த வேலை இது.

15 கெல்வின் என்பது பெரிய எண் இல்லை. 1986-இல் பெட்நோர்ஸும் மியூலரும் தொடங்கிவைத்த குப்ரேட் குடும்பம், அதாவது காப்பர் ஆக்சைடுகள், சாதாரண அழுத்தத்திலேயே 130 கெல்வினைத் தாண்டிய குடும்பம். அதன் பக்கத்தில் வைத்தால் இந்த எண் ஒன்றுமே இல்லை. ஆனாலும் இந்தத் துறையில் இருப்பவர்கள் அன்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மீக்கடத்தலுக்கு எலக்ட்ரான்கள் ஜோடி சேர வேண்டும். குப்ரேட்டில் அவை ஏன் ஜோடி சேர்கின்றன என்ற கேள்விக்கு முப்பது வருடத்துக்கு மேலாக முடிந்த முடிவாக ஒரு பதில் இல்லை. இப்போது அதே அமைப்பில், காப்பர் இருந்த இடத்தில் வேறொரு தனிமத்தை வைத்துப் பார்க்க வழி கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜோடி சேர்வதற்கான காரணம் இதுதான் என்று யார் எதைச் சொன்னாலும், கொஞ்ச நாளில் அதன் அடியிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணு எட்டிப் பார்த்திருக்கிறது. ஒன்று, இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. இல்லை, இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனது.

காப்பரின் பக்கத்து வீடு

நிக்கலை ஏன் பிடித்தார்கள் என்பது எளிய கணக்கு. குப்ரேட்டில் காப்பர் இரண்டு பிளஸ் நிலையில் இருக்கிறது. அதன் 3டி கூட்டில் ஒன்பது எலக்ட்ரான்கள். தனிம அட்டவணையில் காப்பருக்கு ஒரு கட்டம் முன்னால் இருப்பது நிக்கல். அதிலிருந்து ஒரே ஒரு எலக்ட்ரானை எடுத்தால் அதற்கும் ஒன்பதுதான் மிஞ்சும். நியோடிமியம் ஒன்று, நிக்கல் ஒன்று, ஆக்சிஜன் இரண்டு என்ற சேர்மத்தைப் பாருங்கள். நியோடிமியம் மூன்று பிளஸ். இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்து நான்கு மைனஸ். ஆக, நிக்கல் ஒரு பிளஸ். ஆய்வகங்களில் இதைச் சுருக்கமாக 112 என்பார்கள். இதில் ஐந்தில் ஒரு பங்கு நியோடிமியத்துக்குப் பதிலாக ஸ்ட்ரான்சியத்தை வைத்தால், நிக்கலுக்கு 0.2 துளை, அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடம், கூடுகிறது. குப்ரேட்டுகள் நன்றாக வேலை செய்யும் அளவும் ஏறத்தாழ இந்தப் பக்கம்தான்.

1999-இல் அனிசிமோவ், புக்வலோவ், ரைஸ் மூவரும் இந்த ஒற்றுமையைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். அதே ஆண்டில் ஹேவர்டும் ரோசின்ஸ்கியும் கூட்டாளிகளும் சோடியம் ஹைட்ரைடை வைத்து லாந்தனம் 112-ஐத் தூளாகச் செய்தே காட்டினார்கள். மீக்கடத்தல் மட்டும் வரவில்லை. 2004-இல் லீயும் பிக்கெட்டும் குறுக்கே நின்றார்கள்: எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் நிக்கலும் காப்பரும் ஒன்றாகிவிடாது என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நிறைய உண்மை இருந்தது. குப்ரேட்டில் காப்பரின் ஆற்றலும் ஆக்சிஜனின் ஆற்றலும் நெருக்கமாக இருப்பதால், நாம் புகுத்தும் துளை பெரும்பாலும் ஆக்சிஜனில் போய் உட்காரும். 112-இல் இந்த இடைவெளி பெரிது. துளை பெரும்பாலும் நிக்கலிலேயே தங்குகிறது. போதாததற்கு, இடையில் இருக்கும் அருமண் அணுவின் (நியோடிமியம் போன்றது) 5டி பட்டை, அதாவது எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் வரம்பு, தாழ்ந்து வந்து கொஞ்சம் எலக்ட்ரான்களைத் தானே வாங்கி வைத்துக்கொள்கிறது. அதனால் ஸ்ட்ரான்சியம் சேர்க்காத 112 குப்ரேட்டைப் போல நல்ல மின்காப்பானாகவும் இல்லை; அதில் நீண்ட தூரத்துக்கு ஒழுங்கான எதிர் ஃபெர்ரோ காந்தமும் (அடுத்தடுத்த அணுக்களின் காந்தங்கள் எதிரெதிராக நிற்பது) காணப்படவில்லை.

இவ்வளவு வித்தியாசம் இருந்தும் மீக்கடத்தல் வந்துவிட்டது. இது ஒரு விதத்தில் நல்லது. எதெல்லாம் மாறியும் ஜோடி பிழைத்திருக்கிறதோ, அதெல்லாம் ஜோடிக்கு அவசியமில்லை என்று ஒதுக்கிவிடலாம்.

விலக்கிலிருந்து பிறக்கும் ஜோடி

சாதாரண மீக்கடத்திகளில் என்ன நடக்கிறது என்பது 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் எழுதிய கோட்பாட்டிலிருந்து தெரியும். ஓர் எலக்ட்ரான் ஓடும்போது பக்கத்து அயனிகளைத் தன் பக்கம் கொஞ்சம் இழுக்கிறது. அயனி கனமானது, மெதுவாகத்தான் திரும்பும். அது பழைய இடத்துக்குத் திரும்புவதற்குள் எலக்ட்ரான் வெகு தூரம் போய்விடும். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நேர் மின்னூட்டம் தேங்கியிருக்கும். அது இன்னொரு எலக்ட்ரானை ஈர்க்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இருப்பதே இல்லை. காலத்தால் விலகி இருப்பதால் ஒன்றை ஒன்று தள்ளும் விசையிலிருந்து தப்பிக்கின்றன.

நிக்கலேட்டில் இது பலிக்காது என்பதே பெரும்பாலான கணக்கீடுகளின் முடிவு. அணிக்கோவை அதிர்வுகள் எலக்ட்ரான்களோடு கொள்ளும் பிணைப்பு, பார்க்கும் வெப்பநிலைக்குப் போதாது. தவிர, ஒரே நிக்கல் அணுவில் இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்தால் ஆகும் ஆற்றல் செலவு பல எலக்ட்ரான்வோல்ட். அயனியின் மெல்லிய இழுப்பு அதை ஈடுகட்டுவது கஷ்டம்.

மாற்று வழி கொஞ்சம் விசித்திரமானது. ஜோடியின் அலைச்சார்புக்கு ஒரு குறி உண்டு: பிளஸ் அல்லது மைனஸ். ஜோடி ஓர் உந்தத்திலிருந்து இன்னோர் உந்தத்துக்குச் சிதறும்போது, அந்தச் சிதறலை உண்டாக்கும் விசை ஈர்ப்பாக இருந்தால் இரண்டு இடத்திலும் ஒரே குறி இருந்தால் போதும். விசை விலக்காக இருந்தால்? அங்கே குறியை மாற்றிக்கொள்ள வேண்டும். விலக்குக்கு ஒரு மைனஸ், குறி மாற்றத்துக்கு ஒரு மைனஸ். இரண்டும் சேர்ந்து ஆற்றல் இறங்குகிறது. காந்தத் தற்சுழற்சி அலைவுகள் (எலக்ட்ரான்களின் சின்னக் காந்தங்கள் ஆடுவது) உண்டாக்கும் விசை இந்த வகைதான். ஆகவே விலக்கால் பிறந்த ஜோடியின் அடையாளம், எங்கோ ஓரிடத்தில் அதன் குறி மாறியிருக்கும் என்பது.

எங்கே மாறுகிறது என்பதில்தான் சண்டையே. குப்ரேட்டில் அது டி-அலை: நான்கு இதழ் கொண்ட பூவைப் போல, அடுத்தடுத்த இதழ்களில் பிளஸ், மைனஸ், பிளஸ், மைனஸ். இதழ்களுக்கு நடுவே ஆற்றல் இடைவெளி, அதாவது ஜோடியை உடைக்க வேண்டிய ஆற்றல், பூஜ்யமாகிவிடும். இன்னொரு வகை உண்டு, எஸ் பிளஸ்-மைனஸ் என்பார்கள்: ஒரு ஃபெர்மிப் பரப்பு (உந்தக் கணக்கில் எலக்ட்ரான்கள் நிரம்பிய பகுதியின் எல்லை) முழுக்க பிளஸ், இன்னொன்று முழுக்க மைனஸ், இடைவெளி எங்கேயும் பூஜ்யம் ஆவதில்லை. இரும்பு வகை மீக்கடத்திகளில் பலவற்றுக்கு இந்த விளக்கம்தான் பொருந்துகிறது. நிக்கலேட் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்பதே இந்த ஆய்வின் மையக் கேள்வி.

112: சாட்சிகள் ஒத்துப்போகவில்லை

வருடும் ஊடுருவு நுண்ணோக்கியால் ஆற்றல் இடைவெளியை நேராகப் பார்க்கலாம். முள் முனையைப் பரப்புக்கு மேல் நிறுத்தி, மின்னழுத்தத்தை மாற்ற மாற்ற எவ்வளவு மின்னோட்டம் தாவுகிறது என்று அளக்க வேண்டும். வளைவு ஆங்கில வி எழுத்து போல இறங்கினால் இடைவெளி எங்கோ பூஜ்யமாகிறது, அதாவது டி-அலை. யு எழுத்து போல அடியில் தட்டையாக இருந்தால் முழு இடைவெளி. 2020-இல் சீனாவின் நான்ஜிங்கில் ஹாய்-ஹு வென் குழு 112 படலத்தில் இதைச் செய்தது. முள்ளை ஓரிடத்தில் வைத்தால் வி, 3.9 மில்லி எலக்ட்ரான்வோல்ட். கொஞ்சம் தள்ளி வைத்தால் யு, சுமார் 2.35. வேறு சில இடங்களில் இரண்டும் கலந்த வடிவம்.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். நிக்கல் பட்டையில் ஒரு வகை இடைவெளி, அருமண் பட்டையில் இன்னொரு வகை என்று ஒரு கதை. ஆக்சிஜனை உருவிய பிறகு பரப்பு கரடுமுரடாகிவிடுகிறது, இடத்துக்கு இடம் அது வேறு பொருள் என்று இன்னொரு கதை. எனக்கு இரண்டாவதை ஒதுக்கத் தைரியம் வரவில்லை.

காந்தப்புலம் உள்ளே எவ்வளவு ஆழம் ஊடுருவுகிறது என்ற அளவீடும் இதையே சுற்றி வந்தது. லாந்தனம், பிரசியோடிமியம் வகைகளில் அந்த ஆழம் வெப்பநிலையின் இருமடிக்கு ஏற்ப மாறுவதைக் கண்டு, குறைபாடுகள் நிறைந்த டி-அலை இது என்றது ஒரு தரப்பு. முழு இடைவெளி என்றது இன்னொரு தரப்பு. நியோடிமியம் வகையில் நியோடிமியத்தின் சொந்தக் காந்தத் திருப்புத்திறனே குறுக்கே நின்று அளவீட்டைக் குழப்புகிறது. முதலில் கிடைத்த பொருளே நியோடிமியம் வகையாக இருந்தது துரதிர்ஷ்டம்தான்.

உறுதியாகக் கிடைத்தது ஒன்று உண்டு. 2021-இல் எக்ஸ் கதிர் சிதறல் மூலம் 112-இல் காந்த அலைகள் ஓடுவதைப் பார்த்தார்கள். அடுத்தடுத்த நிக்கல்களுக்கிடையே பரிமாற்ற ஆற்றல், அதாவது அவற்றின் காந்தங்களைப் பிணைக்கும் பலம், சுமார் 64 மில்லி எலக்ட்ரான்வோல்ட். குப்ரேட்டில் இருப்பதில் பாதி அளவு. நீண்ட தூர ஒழுங்கு இல்லாவிட்டாலும் தற்சுழற்சிகள் ஒன்றோடொன்று நன்றாகவே பேசிக்கொள்கின்றன. விலக்கால் ஜோடி என்ற கதைக்கு வேண்டிய அடிப்படைச் சரக்கு கையில் இருக்கிறது.

இனி ஆக்சிஜன் கதைக்கு வருவோம். 2022-இல் மூன்று குழுக்கள் தனித்தனியாக, 112-இல் மின்னூட்டம் மூன்று கட்டத்துக்கு ஒரு முறை அலையாக அடுக்கப்பட்டிருக்கிறது என்று அறிவித்தன. குப்ரேட்டிலும் மின்னூட்ட அலைகள் உண்டு. மீக்கடத்தலோடு அவை போட்டி போடும். ஆகா, குடும்ப ஒற்றுமை இன்னும் நெருங்கிவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். மூன்று குழுக்கள் ஒன்றைச் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? 2024-இல் பதில் வந்தது. ஒழுங்காக, முழுமையாக ஆக்சிஜனை உருவிய படலத்தில் அந்த அலை இல்லவே இல்லை. அரைகுறையாக உருவியதில், போக வேண்டிய ஆக்சிஜன் சில போகாமல், மூன்று கட்டத்துக்கு ஒன்றாக வரிசையாக நின்றுகொண்டிருந்தது. அதைத்தான் எக்ஸ் கதிர் பார்த்திருக்கிறது. எலக்ட்ரான்களின் கூட்டு நடத்தை என்று நினைத்தது, பாதியில் நின்றுபோன ஒரு வேதிவினையின் மிச்சம்.

ஹைட்ரஜன் பற்றியும் இப்படி ஒரு சுற்று நடந்தது. ஹைட்ரைடு பொடியோடு சூடாக்குவதால் ஹைட்ரஜன் படலத்துக்குள் புகுந்து, அதுவே மீக்கடத்தலுக்குக் காரணமாகிறது என்று 2023-இல் ஒரு கட்டுரை வந்தது. பிறகு வேறு குழுக்கள், சொல்லும்படியாக ஹைட்ரஜனே இல்லாத படலங்களும் மீக்கடத்துவதைக் காட்டின.

படலத்தைச் சுத்தமாக்கியதும் நிலைமை தெளிந்ததா என்றால், ஓரளவு தெளிந்தது. வேறு அடிப்படிகத்தில், அணு இடைவெளி நன்றாகப் பொருந்தும்படி வளர்த்த நியோடிமியம் 112-இல் குறைபாடுகள் வெகுவாகக் குறைந்தன. இயல்பு நிலை மின்தடை வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் ஏறியது. குப்ரேட்டில் எல்லோரும் அறிந்த அதே விசித்திர உலோக நடத்தை. ஆக, 112-ஐப் பொறுத்தவரை நான் டி-அலைப் பக்கம்தான் சாய்கிறேன். குறைபாடுகளைக் கழித்துப் பார்க்கப் பார்க்க அது குப்ரேட்டின் சாயலுக்கு நெருங்குகிறது, விலகவில்லை. அதுதான் என் காரணம்.

327: கதை செங்குத்தாகத் திரும்புகிறது

2023 ஜூலையில் குவாங்சோவின் சுன் யாட்-சென் பல்கலைக்கழகத்தில் மெங் வாங் குழு இன்னொரு நிக்கலேட்டைக் கொண்டுவந்தது: லாந்தனம் மூன்று, நிக்கல் இரண்டு, ஆக்சிஜன் ஏழு. ஆய்வகப் பேச்சில் 327. வைர முனைகளுக்கு நடுவே 14 கிகாபாஸ்கலுக்கு மேல் அழுத்தியதும், சுமார் 80 கெல்வினில் மின்தடை சரிந்தது. 14 கிகாபாஸ்கல் என்றால் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் வளிமண்டல அழுத்தம். 80 கெல்வின் என்றால் திரவ நைட்ரஜனின் கொதிநிலைக்கு மேல்.

இதில் ஆக்சிஜனை உருவும் வேலையே இல்லை. எலக்ட்ரான் கணக்கும் குப்ரேட்டோடு ஒத்துப்போகவில்லை. போட்டுப் பார்ப்போம்: மூன்று லாந்தனம், ஒன்பது பிளஸ். ஏழு ஆக்சிஜன், பதினான்கு மைனஸ். மீதி ஐந்து பிளஸை இரண்டு நிக்கல் பகிர்ந்துகொள்கின்றன, ஆளுக்கு இரண்டரை. ஆகவே ஒவ்வொரு நிக்கலிலும் ஏழரை 3டி எலக்ட்ரான்கள். ஆறு கீழே உள்ள மூன்று ஆர்பிட்டால்களை (எலக்ட்ரான்கள் குடியிருக்கும் அறைகளை) நிரப்பிவிட, மிஞ்சுவது ஒன்றரை. இரண்டு நிக்கலுக்கும் சேர்த்து மூன்று.

அந்த மூன்றும் எங்கே போகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 327-இல் நிக்கல் தளங்கள் இரட்டை இரட்டையாக இருக்கின்றன. மேல் தளத்து நிக்கலுக்கும் கீழ்த் தளத்து நிக்கலுக்கும் நட்ட நடுவே ஓர் ஆக்சிஜன். தளத்துக்குள் படுத்திருக்கும் ஆர்பிட்டால் ஒன்று, குப்ரேட்டில் எல்லா வேலையும் செய்வது. கிடை ஆர்பிட்டால் என்று வைத்துக்கொள்வோம். மேலும் கீழுமாக நீண்டிருப்பது இன்னொன்று. அது செங்குத்து ஆர்பிட்டால். இரண்டு நிக்கலின் செங்குத்து ஆர்பிட்டால்களும் நடுவிலிருக்கும் ஆக்சிஜன் வழியாகக் கைகோத்து, பிணைப்புப் பட்டை, எதிர்ப்பிணைப்புப் பட்டை என்று பிரிகின்றன. தாழ்ந்த பிணைப்புப் பட்டையில் இரண்டு எலக்ட்ரான்கள் போய்விடும். மீதி ஒன்றே ஒன்று. அதை இரண்டு கிடை ஆர்பிட்டால்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். குப்ரேட்டின் பாதி நிரம்பிய கிடை ஆர்பிட்டாலோடு ஒப்பிட்டால் இது கால் பங்குதான் நிரம்பியது. அவ்வளவு நீர்த்துப்போன நிலையில் தளத்துக்குள்ளேயே டி-அலை ஜோடி சேர்ந்து 80 கெல்வின் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

அழுத்தம் என்ன செய்கிறது? சாதாரண நிலையில் மேல் நிக்கல், ஆக்சிஜன், கீழ் நிக்கல் மூன்றும் நேர்கோட்டில் இல்லை. கோணம் 168 டிகிரி. அழுத்தியதும் அது 180-க்கு நிமிர்கிறது. செங்குத்துப் பிணைப்பு பலப்படுகிறது. முதல் கட்டுரையின் கணக்கீட்டின்படி, அதுவரை ஃபெர்மி மட்டத்துக்கு, அதாவது எலக்ட்ரான்கள் நிரம்பும் உச்ச ஆற்றலுக்கு, சற்றுக் கீழே இருந்த செங்குத்துப் பிணைப்புப் பட்டை மேலே ஏறி மட்டத்தைக் கடக்கிறது. புதிதாக ஒரு சின்னத் துளைப் பை, அதாவது துளைகள் அடங்கிய சின்ன ஃபெர்மிப் பரப்பு, உண்டாகிறது; காமா பை என்பார்கள்.

கோட்பாட்டாளர்கள் ஒரு வருடத்தில் எழுதிக் குவித்தார்கள். பெரும்பாலான வாதங்கள் இப்படிப் போயின: செங்குத்து ஆர்பிட்டால்களுக்கிடையே பலமான எதிர் ஃபெர்ரோ காந்தப் பரிமாற்றம் இருக்கிறது, மேல் தளத்து எலக்ட்ரானும் கீழ்த் தளத்து எலக்ட்ரானும் எதிரெதிர் தற்சுழற்சியோடு ஏணிப்படியின் இரு முனைபோல ஜோடி சேர்கின்றன. ஆனால் செங்குத்து ஆர்பிட்டாலில் இருப்பவை எளிதில் நகராதவை. ஜோடி கட்டும், ஓடாது. ஓடத் தெரிந்தவை கிடை ஆர்பிட்டாலில் இருக்கின்றன. இரண்டையும் இணைப்பது ஹுண்ட் விதி: ஒரே அணுவில் இருக்கும் எலக்ட்ரான்கள் தற்சுழற்சியை ஒரே பக்கம் வைத்துக்கொள்ள விரும்பும். அதனால் செங்குத்துப் பரிமாற்றம் கிடை எலக்ட்ரான்களுக்கும் கடத்தப்படுகிறது என்று ஒரு பிரிவு சொல்கிறது. நேரடிக் கலப்பே போதும் என்கிறது இன்னொரு பிரிவு. எந்த வழியாக வந்தாலும் முடிவு பெரும்பாலும் எஸ் பிளஸ்-மைனஸ்தான்: பிணைப்புப் பட்டைக்கு ஒரு குறி, எதிர்ப்பிணைப்புப் பட்டைக்கு எதிர்க்குறி. டி-அலை என்று கணக்கிட்டவர்களும் உண்டு. பட்டை அமைப்பைக் கொஞ்சம் நகர்த்தினாலே விடை மாறிவிடுகிறது. அது கோட்பாட்டின் பலவீனம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டும் ஆற்றலில் அவ்வளவு நெருக்கம்.

சோதனைப் பக்கத்திலிருந்து செங்குத்துக் கதைக்கு நல்ல ஆதரவு இருக்கிறது. அழுத்தமில்லாத 327-இல் சுமார் 150 கெல்வினுக்குக் கீழே தற்சுழற்சி அலை ஒழுங்கு வருவதை மியூவான்களும் எக்ஸ் கதிர்களும் காட்டுகின்றன. காந்த அலைகளின் ஆற்றலைப் பொருத்திப் பார்த்தால், தளங்களுக்கிடையேயான பரிமாற்றம்தான் மற்றவற்றைவிடப் பெரிது. எனக்கு அதைவிடப் பிடித்த ஆதாரம் மூன்று தளம் கொண்ட உறவுப் பொருள்: லாந்தனம் நான்கு, நிக்கல் மூன்று, ஆக்சிஜன் பத்து. குப்ரேட்டில் ஒரு தளத்திலிருந்து மூன்று தளத்துக்குப் போகப் போக வெப்பநிலை ஏறும். நிக்கலேட்டில் மூன்று தளத்துக்கு 69 கிகாபாஸ்கல் வரை அழுத்தியும் 30 கெல்வின்தான். இரண்டு பேர் கைகோத்தால் ஜோடி. மூன்று பேர் வரிசையில் நின்றால் நடுவில் இருப்பவர் யார் கையைப் பிடிப்பது? ஏணிப்படி ஜோடி என்ற எண்ணத்துக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது.

இரண்டு தளமா, ஒன்றும் மூன்றுமா?

ஆனால் 327 மாதிரிகள் கோட்பாட்டுக்குக் கட்டுப்பட்ட பிள்ளைகளாக இல்லை. முதல் அளவீடுகளில் மின்தடை சரிந்தது, பூஜ்யத்தைத் தொடவில்லை. அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சீராகக் கொடுத்தபோது பூஜ்யம் வந்தது. அப்புறம் காந்த அளவீடு செய்தவர்கள், மாதிரியில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் மீக்கடத்துகிறது, இழை இழையாக எங்கோ ஓடுகிறது என்றார்கள்.

பிறகு வந்தது பெரிய அதிர்ச்சி. ஒரு தளமும் மூன்று தளமும் மாறி மாறி அடுக்கினாலும் மொத்தக் கணக்கு 327-தான் வரும். லாந்தனம் இரண்டு, நிக்கல் ஒன்று, ஆக்சிஜன் நான்கையும், லாந்தனம் நான்கு, நிக்கல் மூன்று, ஆக்சிஜன் பத்தையும் கூட்டிப் பாருங்கள்: ஆறு, நான்கு, பதினான்கு. சரிபாதியாக்கினால் மூன்று, இரண்டு, ஏழு. 1313 என்று பெயர் வைத்தார்கள். ஒரே உலையில் வளர்ந்த படிகங்களுக்குள் இரண்டு வகையும் கலந்து கிடந்தன. சராசரி வேதிக்கணக்கு இரண்டையும் பிரித்துக் காட்டாது. இரட்டைத் தளத்துக்காக ஏணிப்படிக் கோட்பாடு எழுதியவர்கள் அந்த மாதங்களில் எப்படித் தூங்கினார்களோ.

அதோடு முடியவில்லை. 2024-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் டைக்கோகிராஃபி என்ற முறையால் 327-இன் ஆக்சிஜன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். குறைபாடு எங்கே குவிந்திருந்தது தெரியுமா? தளத்துக்குள் இல்லை. மேல் நிக்கலுக்கும் கீழ் நிக்கலுக்கும் நடுவே இருக்கிறதே, அந்த ஒரே ஆக்சிஜன், அந்த இடத்தில். ஜோடியைக் கட்டும் பாலம் என்று கோட்பாடு எதைச் சொல்கிறதோ, படிகம் அதைத்தான் முதலில் தொலைக்கிறது. நூற்றில் ஒரு பங்கு மட்டும் மீக்கடத்தியதற்கு இதைவிட நேரான விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இதற்கான மருந்து, வேதியியல் பக்கத்திலிருந்து வந்தது. லாந்தனத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பிரசியோடிமியத்தை வைத்தால், மற்ற அடுக்குகள் ஊடே வளர்வது அடங்கிவிடுகிறது. 2024-இல் அப்படிச் செய்த தூளில், அழுத்தத்தில், 82.5 கெல்வினில் மாற்றம் தொடங்கியது; 60 கெல்வினில் மின்தடை பூஜ்யம்; மாதிரியின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி மீக்கடத்தியது. இரட்டைத் தளம்தான் காரணம் என்பது அதோடு ஏறக்குறைய முடிவாயிற்று. 1313 சந்தேகம் தணிந்தது.

அழுத்தம் இல்லாத படலம், கிடைக்காத விடை

வைர முனைகளுக்கு நடுவே மாட்டியிருக்கும் தூசி அளவு படிகத்தில் முள் நுண்ணோக்கியை நுழைக்க முடியாது. ஒளி அடித்து எலக்ட்ரானை வெளியே வரவழைத்து அளக்கும் ஒளிஉமிழ்வு முறைக்கும் வழி இல்லை. அதாவது இடைவெளியையும் பட்டையையும் நேராகப் பார்க்கும் இரண்டு கண்களும் அழுத்தத்தில் குருடு. 2024 டிசம்பரில் ஹ்வாங் குழுவே அந்தக் கதவைத் திறந்தது. ஸ்ட்ரான்சியம் லாந்தனம் அலுமினேட் படிகத்தின் மேல் 327 படலத்தை வளர்த்தால், அடிப்படிகம் அதைப் பக்கவாட்டில் சுமார் இரண்டு விழுக்காடு இறுக்குகிறது. சாதாரண அழுத்தத்திலேயே 26 முதல் 42 கெல்வினுக்குள் மீக்கடத்தல் தொடங்கியது. அடுத்த சில மாதங்களில் பிரசியோடிமியம் கலந்த படலங்கள் 45 கெல்வின் பக்கம் போயின.

இங்கேயும் ஆக்சிஜன்தான் ஆட்டுவிக்கிறது, ஆனால் எதிர்ப்பக்கமாக. 112-இல் ஆக்சிஜனை உருவ வேண்டியிருந்தது. இந்தப் படலங்களில் ஓசோனைப் பாய்ச்சி ஆக்சிஜனைத் திணிக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் குறைந்தாலும் மீக்கடத்தல் போய்விடும்.

கவனிக்க வேண்டிய ஒரு முரண் உண்டு. வைரத்தின் அழுத்தம் படிகத்தை எல்லாப் பக்கமும் சுருக்குகிறது, தளங்கள் நெருங்குகின்றன. படலத்திலோ பக்கவாட்டில் இறுக்கினால் உயரவாக்கில் நீள்கிறது. செங்குத்துப் பாலம் கொஞ்சம் நீண்டும் மீக்கடத்தல் பிழைத்திருக்கிறது. வெப்பநிலை பாதியானதற்கு அந்த நீட்சியே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்; ஆனால் நேர்கோடாக நிமிர்வதும் தளத்துக்குள் நெருங்குவதும் சேர்ந்தே நடப்பதால் இதில் எதையும் தனியாகப் பிரித்துக் காட்டுவது லேசில்லை.

இப்போது காமா பைக்கு வருவோம். அழுத்தமில்லாத பெரிய படிகத்தில் செங்குத்துப் பட்டை ஃபெர்மி மட்டத்துக்கு சுமார் 50 மில்லி எலக்ட்ரான்வோல்ட் கீழே, தட்டையாகக் கிடப்பதை ஒளிஉமிழ்வு அளவீடு காட்டியிருந்தது. அந்தப் படிகம் மீக்கடத்தாது. மீக்கடத்தும் படலத்தில் அது மேலே வந்திருந்தால் முதல் கட்டுரையின் கதை சரி. அளந்தார்கள். ஒரு குழு, பட்டை மட்டத்தைத் தொட்டுக் கடக்கிறது என்றது. இன்னொரு குழு, இல்லை, சுமார் 70 மில்லி எலக்ட்ரான்வோல்ட் கீழேயே இருக்கிறது என்றது. அடிப்படிகம் ஒன்று, பொருளும் ஏறத்தாழ ஒன்று, இரண்டு படலமும் மீக்கடத்துபவை.

இரண்டும் சரி என்றால் காமா பை அவசியமில்லை என்று ஆகும். அதைத் தாங்கி நின்ற எஸ் பிளஸ்-மைனஸ் கணக்கீடுகளைத் திரும்ப எழுத வேண்டும். செங்குத்துப் பரிமாற்றம் மட்டும் தப்பிக்கும், ஏனென்றால் அதற்குப் பட்டை மட்டத்தைக் கடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நான் இந்தப் பக்கம்தான் பந்தயம் கட்டுவேன். ஆனால் அதற்கு முன், அந்த இரண்டு படலங்களிலும் ஆக்சிஜன் எத்தனை என்று தெரிய வேண்டும். ஒரு படலத்தில் கொஞ்சம் கூடினாலே துளைகள் கூடி மட்டம் இறங்கிவிடும். அடிப்படிகத்திலிருந்து ஸ்ட்ரான்சியம் ஊறி வந்தாலும் அதேதான்.

பெரிய படிகமாக இருந்தால் ஹைட்ரஜன் ஓட்டத்தில் சூடாக்கி, எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்து ஆக்சிஜனைக் கணக்கிட்டுவிடலாம். படலத்தில் அது முடியாது. ஐந்து மில்லிமீட்டர் நீளம், ஐந்து மில்லிமீட்டர் அகலம், ஐந்து நானோமீட்டர் தடிமன் உள்ள 327 படலத்தின் மொத்த எடையே ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவு. அதில் ஆக்சிஜன் ஆறில் ஒரு பங்கு. அந்த ஆக்சிஜனில் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் வித்தியாசம் ஒன்றரை நானோகிராம். அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் படிகமோ பத்து மில்லிகிராமுக்கு மேல் கனக்கும், அதிலும் ஆக்சிஜன் இருக்கும்.